ஒட்டு நரம்பு

திரையில் அந்தப் படம் தெளிந்து வந்தபோது ஆய்வகத்தில் ஜொஹ்ராவைத் தவிர யாரும் இல்லை. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான்கு வருடம் உழைத்தவளுக்கு இப்படி ஒரு படம் கிடைத்தால் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்திருக்கலாம், நாலு பேருக்குப் போன் போட்டிருக்கலாம். அவள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, உள்ளங்கைகளால் கண்களை அழுத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

படத்தில் இருந்தது ஓர் எலியின் தண்டுவடத்திலிருந்து சீவியெடுத்த மெல்லிய துண்டு. அடிபட்ட தண்டுவடத்தில் ஒரு பள்ளம் விழுந்துவிடும். அந்தப் பள்ளத்தில் இளம் நரம்புச் செல்களை நட்டு வைப்பதுதான் அவளுடைய வேலை, செடிக்கு ஒட்டுப் போடுவதுபோல. நடுவதற்கு முன்னால் அந்தச் செல்களுக்குள் ஒரு ஜீனை ஏற்றிவிட வேண்டும். ஜீனைச் சுமந்துபோவது ஒரு வைரஸ். நோயைக் கொடுக்கும் பாகங்களையெல்லாம் உருவிப்போட்டு, பெருகவும் வழியில்லாமல் செய்து, செல்லுக்குள் நுழையும் சாமர்த்தியத்தை மட்டும் விட்டுவைத்த வைரஸ். அது உள்ளே போய்ச் சரக்கை இறக்கிவைக்கும், அதோடு அதன் கதை முடிந்தது. ஜீன் ஏறிய செல்கள் நரம்பை வளர்க்கும் ஒரு புரதத்தைச் சுரக்க ஆரம்பிக்கும். மேலே அறுபட்டு நிற்கிற நரம்பிழைகள் அந்தப் புரதத்தை மோப்பம் பிடித்து வளர்ந்து வந்து, ஒட்டைக் கடந்து, கீழே விட்டுப்போன இடத்தைப் போய்த் தொட வேண்டும்.

வளர்ந்து வந்திருந்தன. சிவப்புச் சாயம் ஏறிய இழைகள் கொத்துக்கொத்தாக ஒட்டுக்குள் இறங்கியிருந்தன. முந்தைய எலிகளில் பத்தில் ஒரு பங்குகூட இப்படி வந்ததில்லை. ஆனால் வந்தவை அங்கேயே நின்றுவிட்டன. பூனை புரட்டிப்போட்ட நூல்கண்டுபோல ஒட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சிக்கிக் கிடந்தன. மறுகரையில் இருட்டு. ஓர் இழைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தீனி கிடைக்கிற இடத்தை விட்டு அவை ஏன் போகப்போகின்றன? மற்ற நாட்டு ஆய்வகங்களிலும் இப்படி நடந்ததுண்டு என்று அவள் படித்திருந்தாள். வைரஸின் அளவைக் குறைத்தால் தப்பிக்கலாம் என்று நினைத்திருந்தாள். தப்பிக்கவில்லை.

ஆய்வகத் தலைவர் அபினவ் சாப்பிட்ட கையைத் துடைத்தபடியே வந்து பின்னால் நின்று பார்த்தார்.

"பிரமாதமான படம்" என்றார் இந்தியில்.

"எலி நடக்கவில்லை" என்றாள் ஜொஹ்ரா.

"தெரியும்." அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். 

சாயங்காலம் கோந்த்வாவுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போகும்போது, வீட்டில் என்ன சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டே போனாள். இது அவளுக்குப் பழகிப்போன யோசனை. ஆய்வகத்தில் என்ன நடந்தாலும் அது கோந்த்வாவில் நான்காவது மாடி ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேசைக்கு வந்தாக வேண்டும்.

அவளுடைய தம்பி அஸ்ஃபாக் தளேகாவில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்தவன். கல்யாணமாகி ஒரு வருடம் முடியவில்லை. மழைக்காலத்தில் ஒருநாள் வேலை முடிந்து பைக்கில் திரும்பும்போது, ரோட்டில் சிந்திக் கிடந்த டீசலில் சக்கரம் வழுக்கித் தூக்கி வீசியது. தலை தப்பியது, கை தப்பியது. நெஞ்சுக்குக் கீழே எதுவும் தப்பவில்லை. அது நடந்து ஐந்து வருடம் ஆகிறது. அப்போது ஜொஹ்ரா வேறோர் இடத்தில் வைரஸ்களோடுதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள், கண்நோய் ஒன்றுக்காக. அடுத்த வருடமே அதை விட்டுவிட்டு அபினவின் ஆய்வகத்துக்கு மாறினாள். ஏன் மாறினாள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. எல்லோரும் புரிந்துகொண்டார்கள். அதுதான் தொல்லையாகிப்போனது.

வாப்பா தாவூத் நானா பேட்டில் ரெக்சின் கடை வைத்திருந்தார். காயல்பட்டினத்திலிருந்து இந்த மராத்தி ஊருக்கு வந்து நாற்பது வருடமாகியும் கல்லாவில் தமிழில்தான் எண்ணுவார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லும் செய்தி ஒன்று உண்டு: "எம் மவ வைரஸ வெச்சு நரம்பு வளக்கிறா." அந்த வைரஸ் எய்ட்ஸ் வைரஸின் சொந்தக்காரன் என்று ஒருமுறை அவள் வாய்தவறிச் சொல்லிவிட, வாப்பா கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "இத ஜமாஅத்துல யாருட்டயும் சொல்லிராத மவளே" என்றார். அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து வயிறு குலுங்கச் சிரித்த கடைசித் தடவை அதுவாகத்தான் இருக்கும்.

அன்று மேசையில் அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் தம்பி மனைவி ஹுதா பேச ஆரம்பித்தாள்.

"மைனி, பானேர்ல ஒரு கிளினிக் தொறந்திருக்காகளாம். முதுகுல அடிபட்டவுகளுக்குன்னே. எனக்குத் தெரிஞ்ச புள்ள சொல்லிச்சு. நான் போன் பண்ணிப் பேசிட்டேன்." அவள் மூச்சு விடாமல் சொன்னாள். "நீங்க சொல்வியளே, அதேதான் அவுகளும் சொல்றாக. நரம்பு செல்லு, அதுக்குள்ள வைரஸ வெச்சு ஜீன ஏத்தி, ஊசி போடுறது. நீங்க எலிக்குப் பண்றத அவுக மனுசருக்கே பண்றாக."

ஜொஹ்ரா தம்பியைப் பார்த்தாள். அவன் பருப்பில் ரொட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தான்.

"மனுசருக்கு யாரும் இன்னும் பண்ணல ஹுதா. பண்ணக் கூடாது."

"அப்ப அவுக பொய்யா சொல்றாக?"

"ஆமா."

"நேர்ல பாக்காமலே சொல்றிய. நீங்களும் வாங்களேன். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. பாத்துட்டு இது சரியில்லன்னு சொன்னியன்னா நான் அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டேன்."

வாப்பா மகளை நிமிர்ந்து பார்த்தார். "ஒரு நட போய்ட்டு வாங்களேன்" என்றார். கெஞ்சுகிற குரல். அவருக்கு அந்தக் குரல் பொருந்தவேயில்லை.

"அஸ்ஃபாக், நீ என்ன சொல்ற?"

"போலாமே லாத்தா" என்றான் அவன். "எப்படியும் எங்கயும் போறதில்ல. ஏசில உக்காந்துட்டு வரலாம்."

அந்தக் கிளினிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் இருந்தது. சக்கர நாற்காலி ஏற நல்ல சாய்தளம், அகலமான லிஃப்ட், மெல்லிய வாசனை. கோந்த்வா வீட்டு லிஃப்டில் அஸ்ஃபாக்கின் நாற்காலியைச் சாய்த்து, கால்வைக்கும் பலகையைக் கழற்றித்தான் ஏற்ற வேண்டும். இங்கே அவனே உருட்டிக்கொண்டு நுழைந்து, அவனே திரும்பி நின்றான். ஹுதா அதைக் கவனித்தாள். அவள் முகத்தில் வெளிச்சம் வந்ததை ஜொஹ்ரா கவனித்தாள்.

ப்ரீதி என்ற இளம்பெண் அவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, பெரிய திரையில் ஒவ்வொன்றாகக் காட்டி இந்தியில் விளக்கினாள். நல்ல பெண். அஸ்ஃபாக்கின் கண்ணைப் பார்த்துப் பேசினாள், அவன் தலைக்கு மேலாக மற்றவர்களிடம் பேசவில்லை. வைரஸ் என்றதும் பயப்படாதீர்கள், பல்லைப் பிடுங்கிய பாம்பு மாதிரி என்றாள். ஜொஹ்ராவே பள்ளிப் பிள்ளைகள் ஆய்வகத்துக்கு வந்தால் ஏறத்தாழ இப்படித்தான் சொல்வாள்.

பிறகு ஒரு படம் வந்தது. கறுப்புப் பின்னணியில் பச்சையாக ஒளிரும் செல்கள். கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது: ஆண் நோயாளி, வயது முப்பத்திரண்டு, சிகிச்சைக்குப் பின் ஆறாம் மாதம்.

"பாருங்க சார், இதெல்லாம் புதுசா உயிர் பிடிச்ச நரம்பு செல். பச்சையா தெரியுறதெல்லாம் ஜீன் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

ஹுதா "மாஷா அல்லாஹ்" என்று முணுமுணுத்தாள்.

ஜொஹ்ரா படத்தின் இடது மூலையைப் பார்த்தாள். அங்கே ஒரு மடிப்பு இருந்தது, பிறை மாதிரி. தண்டுவடத் துண்டைத் தூரிகையால் தூக்கிக் கண்ணாடிமேல் விரிக்கும்போது அவள் கை லேசாக நடுங்கி விழுந்த மடிப்பு. வேறு நல்ல துண்டு இல்லாததால் அதையே போன வருடம் பெங்களூர்க் கருத்தரங்கில் சுவரொட்டியில் போட்டார்கள். மடிப்பு தெரிகிறதே என்று அவள் அப்போது வருத்தப்பட்டாள். அவளுடைய பெண் எலி அது. மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, உயிர் போனபின் தண்டுவடத்தை வெளியே எடுத்ததும் அவள்தான்.

"இந்த நோயாளி இப்ப எப்படி இருக்கார்?" என்று கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்கார் மேடம். வாக்கர் வெச்சு நடக்கிறார்."

"உயிரோட இருக்காரா?"

ப்ரீதி சிரித்தாள். "ஆமாம் மேடம்!"

"அப்போ இந்தத் துண்டை எங்கேயிருந்து வெட்டினீங்க? இது முதுகுத் தண்டைக் குறுக்கே சீவி, சாயம் ஏத்தி எடுத்த படம். உயிரோட இருக்கிற மனுஷன்கிட்ட இதை எடுக்க முடியாது."

ப்ரீதி திரையைப் பார்த்தாள். பிறகு ஜொஹ்ராவைப் பார்த்தாள். கையிலிருந்த ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், எனக்கு இதைத்தான் குடுத்தாங்க. காட்டிச் சொல்லச் சொன்னாங்க."

"இது என் எலி" என்றாள் ஜொஹ்ரா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட அவளுக்குத் தெம்பில்லை. "அந்த மடிப்பு என் கையால விழுந்தது."

பக்கத்து அறையிலிருந்து டாக்டர் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு அசராமல் சிரித்தார். புரியவைப்பதற்காகப் போட்ட மாதிரிப் படம் அது, அடிக்குறிப்பில் ஏதோ பிழை நேர்ந்திருக்கும், திருத்திவிடலாம் என்றார். எந்த வைரஸ், யார் தயாரித்தது, செல்கள் யாருடையவை என்று ஜொஹ்ரா கேட்கக் கேட்க, அதெல்லாம் நிறுவனத்தின் ரகசியம் என்று பதில் வந்தது. ப்ரீதி சுவரோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"லாத்தா, போதும். சல், போலாம்" என்றான் அஸ்ஃபாக். நாற்காலியை அவனே திருப்பிக்கொண்டான்.

காரில் பின் இருக்கையில் ஹுதா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். வழியில் சாந்தினி சௌக் என்ற நாற்சந்தியில் வண்டிகள் நகராமல் நின்றபோதுதான் வாய் திறந்தாள்.

"அவுக பொய் சொன்னாக. சரி. நீங்க என்ன செஞ்சிய மைனி?"

"நான் என்ன செஞ்சேன்?"

"சோறு திங்கும்போது எலிக்கு செல்லு புடிச்சிருச்சும்பிய. ஜீன் ஏறிருச்சும்பிய. வாப்பா அல்ஹம்துலில்லாஹ்ம்பாக. இவுக தட்டையே பாத்துட்டு இருப்பாக. நான் படுத்துக்கிட்டு யோசிப்பேன். எலிக்கு ஆயிருச்சு, அடுத்து கொரங்கு, அதுக்கடுத்து மனுசன், இன்னும் கொஞ்சந்தான்னு. நாலு வருசமா இப்படித்தான் விடியுது எனக்கு. ஒருநாளாவது, ஹுதா, இது நடக்காது, நீ பாட்டுக்கு உன் சோலியப் பாருன்னு சொல்லிருக்கியளா?"

"நடக்காதுன்னு எனக்கும் தெரியாது ஹுதா. நடக்கும்னும் தெரியாது."

"அதத்தான் சொல்லிருக்கலாமே."

முன் இருக்கையில் அஸ்ஃபாக் கண்ணை மூடியிருந்தான். தூங்கவில்லை என்பது தெரிந்தது. அவனுக்கு எரிச்சல் எடுக்கும்போது அப்படித்தான் இருப்பான். உணர்ச்சியே இல்லாத கால்களில் நெருப்பை வைத்ததுபோல ஓர் எரிச்சல் வரும். வந்தால் யாரும் பேசக்கூடாது.

வீட்டில் வாப்பா காத்துக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் கேட்டார். தாடியைத் தடவிக்கொண்டே, "அவ்வளவு தூரம் போயிட்டியள்ல, ஒரு ஊசி போட்டுத்தான் பாத்திருக்கலாமே மவளே. இதவிட என்ன கெட்டுப்போகப் போவுது?" என்றார்.

"கெட்டுப்போகும் வாப்பா. கண்ட செல்லயும் உள்ள விட்டா கட்டியா வளரும். இப்ப நல்லா இருக்கிற கையும் போயிரும்."

"கையுமா?"

"ஆமா வாப்பா."

அவர் எழுந்து தொழுகைக்கு ஒளூச் செய்யப் போய்விட்டார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் ஜொஹ்ரா அபினவிடம் சொன்னாள். அவர் கோபப்பட்டார், போன் செய்தார், தங்கள் ஆய்வு நிறுவனத்தின் சார்பில் கிளினிக்குக்கு நோட்டீஸ் அனுப்பவைத்தார், உரிய அதிகாரிகளுக்கும் புகார் எழுதினார். இரண்டு வாரத்தில் அந்தப் படம் கிளினிக்கின் இணையப் பக்கத்திலிருந்து காணாமல் போனது. அந்த இடத்தில் வேறு யாருடைய ஆய்வகத்திலிருந்தோ எடுத்த இன்னொரு பச்சைப் படம் வந்து உட்கார்ந்தது. கிளினிக் திறந்தேதான் இருந்தது. புகார் பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது.

"இனிமேல் அழகான படமே எடுக்கக் கூடாதுபோல" என்றார் அபினவ். இருவரும் சிரிக்கப் பார்த்தார்கள்.

வீட்டில் ஹுதா அவளோடு பேசவில்லை. சண்டையெல்லாம் இல்லை. சாப்பாடு எடுத்துவைப்பாள், துணி மடித்து வைப்பாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். மேசையில் ஜொஹ்ராவும் எலிகளைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள். வாப்பா ஓரிருமுறை "இன்னைக்கு என்ன மவளே?" என்று ஆரம்பித்துப் பார்த்துவிட்டு அவரும் விட்டுவிட்டார். எல்லோரும் டிவியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

ஒருநாள் அஸ்ஃபாக்கே கேட்டான். "லாத்தா, உன் எலியோட படத்த நான் பாக்கணும். அந்தக் கிளினிக்ல பாத்தது இல்ல. இப்ப எடுத்தது."

"யாரு சொன்னா இப்ப எடுத்தேன்னு?"

"உன் மூஞ்சி சொல்லுது. ஒரு மாசமா ஏதோ கெடச்சு, அது ஒண்ணுத்துக்கும் ஆகாத மாதிரி திரியுற."

ஒரு சனிக்கிழமை மதியம் அவனை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போனாள். நுண்ணோக்கியில் கண்வைக்கும் உயரம் நாற்காலிக்கு ஒத்துவரவில்லை. அதனால் படத்தைக் கணினித் திரையில் போட்டாள். அவன் பக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்து முழங்கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டான்.

அவள் எதையும் மிச்சம் வைக்காமல் சொன்னாள். பச்சை நாங்கள் நட்ட செல். சிவப்பு எலியின் சொந்த இழை. ஜீன் வேலை செய்தது, இழை வந்தது, வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. கீழே ஒன்றும் போகவில்லை. எலி நடக்கவில்லை. கிட்டத்தட்ட எல்லா எலியும் இப்படித்தான்.

அஸ்ஃபாக் திரையை நெருங்கிப் பார்த்தான். "அரே, இவ்ளோ கூட்டமா?"

"ம்."

"ஆன் பண்ண வழி வெச்சிருக்க. ஆஃப் பண்ண?"

"அதான் அடுத்த வேல. ஜீனோட ஒரு சுவிட்சயும் சேத்து ஏத்தப் போறோம். தண்ணியில ஒரு மருந்து கலந்து குடுத்தா ஜீன் ஓடும், நிறுத்துனா நின்னுரும். இழை வர்ற வரைக்கும் ஓட விட்டுட்டு அப்புறம் நிறுத்தணும். தீனி தீந்துபோனா வெளிய போகுதான்னு பாக்கணும்."

"எத்தன நாளாகும்?"

"எலிக்கே ரெண்டு வருஷம். அதுவும் சரியா வந்தா."

"மனுஷனுக்கு?"

"தெரியாது அஸ்ஃபாக். நம்ம காலத்துல வருமான்னே தெரியாது." ஐந்து வருடத்தில் இதை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்முறை.  அவன் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அஸ்ஃபாக் வேறொன்று கேட்டான்.

"எலிக்கு மூத்திரம் தானா போகுமா?"

"போகாது. காலையிலயும் சாயங்காலமும் நாங்கதான் வயித்த மெதுவா அமுக்கி எடுத்து விடணும். கொஞ்சத்துக்கு அப்புறம் சிலதுக்குத் தானா வரும்."

"நீயா பண்ணுவ?"

"என் முற வந்தா நானும் பண்ணுவேன்."

அவன் அவள் கைகளைப் பார்த்தான். "ஒட்டு போட்ட எலிக்கு அது சீக்கிரம் சரியாகுதான்னு பாத்தியா?"

"இல்ல. நடையத்தான் பாத்தோம். பாதத்தத் தூக்கி வைக்குதா, எடையத் தாங்குதான்னு."

"எல்லாரும் அதத்தான் பாக்குறாங்க." அவன் குரலில் குற்றச்சாட்டு இல்லை. களைப்புத்தான் இருந்தது. "நடக்கிறத நான் எப்பவோ விட்டாச்சு லாத்தா. அலாரம் வெச்சு எழுந்து மூத்திரக் குழாய் போடாம ஒருநாள் இருந்தா போதும். இந்த எரிச்சல் நின்னா போதும். என்கிட்ட யாருமே கேக்கல. வாப்பா வந்து கால புடிச்சுப் பாத்துட்டு அசைதான்னு கேக்கிறார். அசையல வாப்பான்னு நான் தெனமும் அவருக்கு ஆறுதல் சொல்லணும்."

 ஜொஹ்ராவும்தான் கேட்கவில்லை. காலில் ஊசிமுனையால் தொட்டு, தெரிகிறதா என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

"இன்னொண்ணு சொல்றேன், வீட்ல சொல்லாத. கம்பெனில ராம்பிரசாத் சார் இருக்கார்ல, என் பழைய மேனேஜர். சிஞ்ச்வட் ஆபீஸ்ல டிசைன் வேலைக்கு வரச் சொல்லி ரெண்டு தடவ கேட்டுட்டார். கம்ப்யூட்டர்ல உக்காந்து பண்ற வேலதான். கீழ்த்தளம்."

"எப்ப?"

"ஆச்சு. மொதத் தடவ கேட்டு மூணு வருஷம் இருக்கும். அடுத்த வருஷம் வர்றேன் சார்னு சொன்னேன். ரெண்டாவது தடவையும் அதயேதான் சொன்னேன்."

"ஏன்டா?"

"எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கீங்க. நான் மட்டும் எழுந்து போயிட்டா நல்லாவா இருக்கும்?" எழுந்து போவது என்று சொன்னதற்கு அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஜொஹ்ராவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலியின் கைப்பிடியில் இருந்த அவன் கைமேல் தன் கையை வைத்துக்கொண்டாள். அவன் கையை எடுக்கவில்லை.

"போன் பண்ணுடா அவருக்கு" என்றாள்.

"இப்பவா?"

"இப்ப."

அவன் பண்ணினான். ராம்பிரசாத் மூன்றாவது மணியில் எடுத்தார். அஸ்ஃபாக் மராத்தியில் பேச ஆரம்பித்ததும் அவன் குரலே மாறியது. ஜொஹ்ரா எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றாள். தம்பி வேலைக்குப் போன காலத்தில் இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தான் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள்.

வீட்டில் அது அவ்வளவு லேசாக முடியவில்லை. வாப்பா முதலில் கேட்டது, "அப்ப வைத்தியம்?" என்றுதான். கோந்த்வாவிலிருந்து சிஞ்ச்வட்டுக்குத் தினமும் போய்வர முடியாது, அங்கேயே வீடு பார்க்க வேண்டும் என்றதும் அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் கடைக்கும் போகவில்லை. அஸ்ஃபாக் நாற்காலியை அவர் கட்டிலருகே கொண்டுபோய் நிறுத்தி என்னென்னவோ பேசினான். வெளியே வந்த வாப்பா ஜொஹ்ராவைப் பார்த்து, "நீதான் சொல்லிக் குடுத்தியா?" என்றார். "ஆமா வாப்பா" என்றாள். பாதி உண்மைதான், இருந்தாலும் அந்தப் பழியை அவளே சுமந்துகொள்ளலாம் என்று பட்டது.

 ஹுதா அன்று மாலையே போனில் வீடு தேட ஆரம்பித்துவிட்டாள். தரகரிடம் அவள் இந்தியில் கேட்ட கேள்விகளை ஜொஹ்ரா சமையலறையிலிருந்து கேட்டாள்: லிஃப்ட் எவ்வளவு அகலம், பாத்ரூம் கதவு உள்ளே திறக்குமா வெளியே திறக்குமா, வாசலில் படி உண்டா. எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். எவ்வளவு காலமாக யோசித்து வைத்திருந்தாளோ.

மழை ஆரம்பிப்பதற்கு முன் அவர்கள் குடிபோனார்கள். ஜொஹ்ரா தம்பியை எரிச்சலுக்காக வலி மருத்துவர் ஒருவரிடம் கூட்டிப்போனாள். மருந்தை மாற்றியதில் முழுக்க நிற்காவிட்டாலும் தூங்க முடிகிற அளவுக்குக் குறைந்தது. ஒரு டாக்டரம்மா, ஒரு மாத்திரை மாற்றம். இதை எப்போதோ செய்திருக்கலாம்.

கோந்த்வா ஃப்ளாட்டில் வாப்பாவும் மகளும் மட்டும் மிஞ்சினார்கள். அவர் கடையிலிருந்து வரும்போது ரெண்டு பேருக்கு வெண்ணெய் தடவிய பன் மஸ்கா வாங்கி வருவார். கடையில் இப்போது என்ன சொல்கிறார் என்று அவள் கேட்டதில்லை.

ஆய்வகத்தில் சுவிட்ச் வைத்த புது வைரஸ் வந்தது. பழைய படத்தோடு கட்டுரை எழுதியபோது, இழைகள் வெளியேறவில்லை என்பதை முதல் பத்தியிலேயே போட வேண்டும் என்று ஜொஹ்ரா பிடிவாதமாக நின்றாள். அபினவ் ஒத்துக்கொண்டார். பெரிய பத்திரிகை அதைத் திருப்பி அனுப்பியது, சிறிய பத்திரிகை ஒன்று ஏற்றுக்கொண்டது. புது எலிகளுக்கு நடையோடு மூத்திரப்பையையும் அளக்க ஏற்பாடு செய்தாள். ஒட்டுப் போட்டவற்றுக்கும் போடாதவற்றுக்கும் இதுவரை சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் எதுவும் இல்லை. அதையும் அப்படியே எழுதிவைத்தாள்.

அடுத்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிவாஜிநகரில் லோக்கல் ரயில் பிடித்துச் சிஞ்ச்வட்டில் இறங்கினாள். உட்கார இடம் கிடைக்கவில்லை. ஹுதா கதவைத் திறந்தாள். கழுத்தில் ஏதோ அடையாள அட்டை தொங்கியது. பக்கத்துப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளாம்.

"சொல்லவே இல்ல?"

"நிலைக்குமான்னு பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன் மைனி" என்றாள் ஹுதா. "உக்காருங்க. உங்களப் பாத்தா ரெண்டு நாள் தூங்காத மாரி இருக்கு."

அஸ்ஃபாக் வரும்போது நன்றாக இருட்டியிருந்தது. கையால் ஓட்டும்படி மாற்றிய காரை நிறுத்த இடம் கிடைக்கவில்லை என்று வாசலிலிருந்தே திட்டிக்கொண்டு வந்தான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. நேராகப் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினான். உள்ளே எதுவோ தடாலென்று விழுந்தது. ஜொஹ்ரா எழுந்திருக்கப் போனாள். ஹுதா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், "அவுக பாத்துக்கிருவாக" என்றாள். ஜொஹ்ரா உட்கார்ந்தாள்.

அவன் முகம் கழுவிக்கொண்டு வந்து மேசையருகே நாற்காலியை நிறுத்தினான்.

"எலி என்ன சொல்லுது?"

ஜொஹ்ரா ஹுதாவைப் பார்த்தாள். ஹுதா தலையைத் தூக்காமல், "சொல்லுங்க மைனி" என்றாள்.

"மருந்த நிறுத்தினோம். ஒண்ணு ரெண்டு எலில இழை வெளிய வந்திருக்கு."

"எவ்ளோ தூரம்?"

"ஒரு மில்லிமீட்டர் இருக்காது. அதுவும் தற்செயலா இருக்கலாம். திருப்பிப் பண்ணிப் பாக்கணும்."

"நடக்குதா?"

"இல்ல."

"அச்சா" என்றான் அஸ்ஃபாக். தட்டை அவள் பக்கம் தள்ளினான். "சாப்பிடு. ஆறிப்போகுது."